சாஜனின் மூன்று மகசீன்கள்

எங்கள் ஐயாவின் பாதுகாப்புக்கு எத்தனையோ பொலிஸ்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆள் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி வந்தவர்கள்தான் அதிகம். போகச் சொன்னபோது முகம் தொங்கிப் போனவர்களும் உண்டு. தானாகவே கேட்டு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனவர் ஒரே ஒருவர்தான். ஐயா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஏன் போனார் என்பதற்கு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மேலதிகாரியோடு கொழுவல் என்றார் சமையல்காரர். கொழும்பில் நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றார் ஐயாவின் செயலாளர். ஐயாவின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் "நன்றி கெட்ட மனிசன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உண்மையான காரணம் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஐயாவின் வாகனச் சாரதி. ஐயா அரசியல்வாதி. வாவியின் இந்தக் கரையில் ஒரு கூட்டம், அந்தக் கரையில் ஒரு செத்தவீடு, இடையில் ஒரு பாலர் பாடசாலை திறப்பு என்று எங்கள் நாட்கள் போகும். ஐயா உள்ளே பேசிக்கொண்டிருப்பார். பாதுகாப்புக்காரர்கள் இருவரில் ஒருவர், முறை மாறி மாறி, அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். மற்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டு வாகனத்தடியில் என்னோடு நிற்பார். அப்படி என்னோடு நின்று நின்று பழகியவர்தான் நான் சொல்லும் ஆள். பெரியகல்லாற்றுக்காரர். சார்ஜன்ட் தரம். ஐயா தொடக்கம் பால்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் சாஜன்தான். ஐயாவின் வீட்டில் அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எனக்குப் பிறவியிலேயே மூக்கு நீளம். அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. சாஜனின் வலது இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். இடது இடுப்பில் இரண்டு தோல் உறைகள் இருந்தன, அவற்றுக்குள் துவக்கு ரவை அடைக்கும் மகசீன்கள் இரண்டு. துவக்குக்குள் இருப்பதோடு சேர்த்து மூன்று. சாஜன் துவக்கைத் தொட்டுப் பார்த்து நான் காணவில்லை. கை அடிக்கடி போவது இடது பக்கத்துக்குத்தான். அதுதான் என் மூக்கில் ஏறிய முதல் விசயம்.

ஐயா வீட்டில் தங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குப் பக்கத்து அறையில் சாஜன் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். ரவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு அலுமாரியில் பூட்டுவார். பிறகு மகசீனின் அடித்தட்டைக் கழற்றுவார். நான் ஏற்கெனவே கழுவிய வாகனத்தை மறுபடி கழுவிக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். மகசீன் என்பது ஒரு தகரக் கூடு. அதற்குள் ஒரு நீளமான ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ஒரு சிறிய தட்டு. ஸ்பிரிங் தட்டைத் தள்ளும், தட்டு ரவையை மேலே தள்ளும், துவக்கு அதை எடுத்துச் சுடும். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

"இவ்வளவுதான் தம்பி," என்றார் சாஜன். "இது மேல வந்தாத்தான் அது துவக்கு. வராட்டி இடுப்பில ஒரு இரும்புக் கட்டி. துவக்கு என்ன கொம்பனி எண்டு எல்லாரும் கேக்கிறான். சோறு போடுறது ஆர் எண்டு ஒருத்தனும் கேக்கிறல்ல."

ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, பழையவற்றைக் கொடுத்துப் புது மகசீன்கள் எடுக்க வேண்டியிருந்தது. ஆயுதக் களஞ்சியத்தில் ஒரு தட்டு நிறைய வைத்து, மூன்றை எடுத்துக்கொண்டு போ என்றிருக்கிறார்கள். மற்றவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சிகரட் பற்ற வைத்துவிட்டார்கள். நம்முடைய ஆளைக் காணோம். நான் வெயிலில் வாகனத்துக்குள் அவிந்துகொண்டிருந்தேன். கடைசியில் களஞ்சியப் பொறுப்பாளரே வெளியே வந்து, உங்கள் ஆள் என்ன பெண் பார்க்க வந்திருக்கிறாரா என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

வரும் வழியில் முழுக்க அதைத்தான் கேட்டேன். சாஜனுக்கும் சொல்ல ஆசைதான். துவக்குச் செய்த கொம்பனியின் முத்திரை மகசீனிலும் இருக்க வேண்டுமாம். வேறு யாரோ அச்சில் வார்த்தது பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஸ்பிரிங்கில் கள்ளம் செய்திருப்பார்களாம். மேல் விளிம்பு இரண்டும் உதடு மாதிரி உள்ளே வளைந்து ரவையைப் பிடித்திருக்கும். அந்த உதடுகளில் ஒன்று மயிரளவு விரிந்திருந்தாலும் கூடாது. மகசீனுக்குள் இருக்கும் தட்டை விரலால் அமத்தி விட்டால் சரியாமல் நேரே எழும்ப வேண்டும். பொத்தானை அமத்தினால் துவக்கிலிருந்து தன் பாரத்திலேயே வழுக்கி விழ வேண்டும்.

"எல்லாம் சரியான மூண்டு எடுத்தன்," என்றார். "அந்தத் தட்டில அவ்வளவுதான் கிடந்தது."

எடுத்ததும் உடனே இடுப்பில் ஏறிவிடாது. மூன்றுக்கும் அடியில் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போட்டார். சுடுபயிற்சித் திடலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றையும் பல தடவை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவை வேலைக்கு வந்தன. ரவை போட்டு வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்து போகாதா என்று கேட்டேன். அமுங்கிக் கிடந்து அது கெடாது, சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்துதான் தேயும் என்றார். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் என் மனைவிக்கும் சொன்னேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

கல்குடாக்காரர் ஒருவரும் எங்களோடு பாதுகாப்பில் இருந்தார். நல்ல மனிதர், பகிடிக்காரர். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்பு துருவேறி என்ன பாடு படும் என்று எல்லோருக்கும் தெரியும். கேற், சைக்கிள் செயின், பூட்டு எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுப் பழகிய ஊர். அவரும் தன் மகசீன்களுக்கு உள்ளே வடியும்படி எண்ணெய் விடுவார். சாஜன் மட்டும் கூட்டுக்கு வெளியே எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, அதையும் துடைத்துவிடுவார். உள்ளே ஒரு துளியும் விடமாட்டார்.

"கறள் பிடிச்சா என்ன செய்வீங்க சாஜன்?" என்று கல்குடாக்காரர் நக்கலடிப்பார்.

"கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாக்கிறவனுக்குக் கறள் பிடிக்கா. எண்ணெய் விட்டிற்றுப் படுக்கிறவனுக்குத்தான் பிடிக்கும்."

கடற்கரையில் ஒரு விளையாட்டு விழா நடந்தது. நாள் முழுக்கக் காற்று. அடுத்த ஞாயிறு சாஜன் வற்புறுத்திக் கல்குடாக்காரரின் மகசீனையும் கழற்ற வைத்தார். உள்ளே எண்ணெயும் மணலும் குழைந்து களி மாதிரி இருந்தது. தட்டை அமத்தினால் பாதியில் நின்றது. கல்குடாக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, கழுவித் துடைத்தால் சரிதானே என்றார். சாஜன் அந்த மகசீனின் அடியில் சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு போட்டார். இனி அது சுட்டுப் பழக மட்டும்.

"ஒருக்காப் பிழைச்சது இடுப்பில இருக்கேலா. பழகிறதுக்கு வச்சிரு, விளையாடு, என்னவும் செய். ஐயாக்குப் பக்கத்தில கொண்டு போகாத."

இதுதான் சாஜன். மகசீனோடு நின்றிருந்தால் எனக்கு அவரைப் பிடித்துப் போனதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே மகசீன்தான். ஓட்டமாவடியில் ஒரு கடையில் ஒருநாள் தேத்தண்ணி ஆறிப்போய் வந்தது. அதன் பிறகு அந்த வழியில் எத்தனை தடவை தொண்டை வறண்டு போனாலும் அந்தக் கடையில் நிறுத்த விடமாட்டார். ஒரு சலவைக்காரர் ஒருமுறை சேட்டின் பொத்தானை உடைத்துவிட்டார், அன்றோடு அவரும் சரி. நான் இதை வைத்து நிறையப் பகிடி பண்ணியிருக்கிறேன். எங்கே எனக்கும் ஒருநாள் சிவப்புக் கோடு விழுமோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

பகிடி நின்ற நாள் ஒன்று உண்டு. பெரியகல்லாற்றில் ஒரு கோயில் கூட்டம் முடிந்து வரும்போது, வாவிக் கரையோரம் ஒருவர் வலையை உதறிக்கொண்டு நின்றார். அசல் சாஜனின் முகம், தலை மட்டும் நரைத்திருந்தது. எங்கள் வாகனத்தைக் கண்டதும் அவர் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். சாஜன் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்கட அண்ணனா சாஜன்?"

"ஓம்."

"நிப்பாட்டவா?"

"வேணா. ஓடுங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார். தாய்க்கு வருத்தம் கடுமையான அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் பிடித்து வருகிறேன் என்று சொன்ன அண்ணன் அந்த நேரத்துக்கு வரவில்லை. நேரம் கழித்துத்தான் வந்தார். தாய் அதற்குள் போய்விட்டார். வான் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டதாம், அதுவும் சாஜனுக்குத் தெரியும்.

"வான் பழுதானா அவர் என்ன செய்வார்?" என்றேன்.

"அவர்ட பிழை எண்டு நான் சொல்லல்ல தம்பி. வரவேண்டிய நேரத்தில வரல்ல. அவ்வளவுதான்."

எனக்கு அந்த நேரம் அவரைப் பிடிக்கவில்லை. அண்ணன் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்ற நிலை பல நாள் என் கண்ணுக்குள் நின்றது. அவ்வளவு பாசத்தோடு மகசீனைத் துடைக்கிற மனிதருக்கு இது எப்படி முடிகிறது என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு வருகிறேன். ஐயாவின் வீட்டில் நவராத்திரியை அம்மா குறையில்லாமல் செய்வார். ஆயுத பூசையன்று சிவப்புத் துணி விரித்து எல்லாருடைய சாமான்களும் அதில் ஏறும். ஐயாவின் பேனை, சமையல்காரரின் கத்தி, என்னுடைய ஸ்பானர் செற். வாகனத்துக்கு மாலையும் பொட்டும். முந்தின வருடங்களில் சாஜன் எப்படியோ நழுவியிருந்தார். அந்த முறை அம்மா விடவில்லை.

"என்ட மனிசன்ட உசிரக் காக்கிற சாமான் அது. அதுக்கு ஒரு பொட்டு வைக்க எனக்கு விடமாட்டீங்களா சாஜன்?"

ஐயாவுக்கே இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் சாஜன். அம்மாவுக்கு அவரால் சொல்ல முடியவில்லை. தாய் இல்லாத மனிதருக்கு வேளை தவறாமல் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவர் அம்மா ஒருவர்தான். ரவைகளை எல்லாம் கழற்றிப் பூட்டிவிட்டு, வெறும் துவக்கையும் வெறும் மகசீன்கள் மூன்றையும் துணியில் கொண்டுவந்து வைத்தார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றின் தலையிலும் தாராளமாக அப்பினார். அதன் மேல் குங்குமம். மகசீனின் தலை என்றால் அந்தத் தட்டுத்தான். சாஜனின் முகத்தை நான் பார்த்தேன். ஊசி போடும்போது பல்லைக் கடிப்பவர் போல நின்றார்.

பூசை முடியும் முன்பே பனிச்சங்கேணியில் ஒரு செத்தவீட்டுச் செய்தி வந்தது. ஐயா உடனே புறப்பட வேண்டும் என்றார். சாஜன் அவசரமாகத் துணியால் துடைத்து, ரவையை நிரப்பி, வாகனத்தில் ஏறினார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வெள்ளைத் துணி விரித்தாரா என்று எனக்குத் தெரியாது. தேர்தல் நெருங்கியிருந்தது, எங்களுக்கு ஞாயிறே இல்லாமல் போயிருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். வருடாந்தச் சுடுபயிற்சி வந்தது. நான்தான் சாஜனைத் திடலுக்குக் கொண்டுபோனேன். வெளியே நின்றேன். திரும்பி வந்து ஏறியவர், கல்லடிப் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் இறங்கினேன்.

"ரெண்டாவது ரவை வரல்ல தம்பி," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். துவக்கில் இருந்த மகசீனுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, தட்டு கூட்டோடு ஒட்டியிருக்கிறது. துவக்கில் ஏற்கெனவே ஏறியிருந்த ரவை சுட்டது. அடுத்தது மேலே எழும்பவில்லை. ஆயுத பூசையிலிருந்து அன்று வரைக்கும், அத்தனை கூட்டத்துக்கும் சனத்துக்கும் நடுவில், ஐயாவுக்குப் பின்னால் துவக்கில் ஒரே ஒரு ரவையோடு அவர் நின்றிருக்கிறார்.

"ஒண்டும் நடக்கல்லத்தானே சாஜன்."

"நடக்கல்ல. நடந்திருந்தா?"

"அந்த மகசீனுக்குச் சிவப்புக் கோடு போட்டாச் சரிதானே. நீங்க ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"மகசீன் என்ன பிழை செஞ்சது? மத்த ரெண்டையும் வடிவாத் துடைச்சன். இதுக்குள்ள கொஞ்சம் கிடக்கிறத நான் கண்டனான். கழட்டிப் பாத்திருக்கோணும். சாமிக்கெண்டு அம்மா வச்சது, கிடந்திற்றுப் போகட்டும் எண்டு விட்டன். கண்டும் விட்டன்."

"ஒருக்காத்தானே சாஜன்!"

"ஒருக்காத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணனுக்கும் இப்படித்தானே தீர்ப்புச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் முந்திவிட்டது. அவர் கோபிக்கவில்லை.

"அவருக்கொரு நீதி எனக்கொரு நீதி எண்டு இருக்கேலாது தம்பி."

பிறகு வாகனத்தில் ஏறும்போது என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். "அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க. அவ கடவுளே எண்டு வச்சவ. தன்ட விரலாலதான் இப்படி ஆனதெண்டு அறிஞ்சா, மறுகா அவக்கு நித்திரை வரா."

அடுத்த கிழமை ஐயாவிடம் போய் இடமாற்றம் கேட்டார். ஐயாவுக்கு மட்டும் துவக்கு வேலை செய்யாததைச் சொல்லியிருக்கிறார், சந்தனத்தைச் சொல்லவில்லை. ஐயா சிரித்து, தோளில் தட்டி, போய் வேலையைப் பார் என்றிருக்கிறார். சாஜன் அசையவில்லை. வாவிக்குத் தெற்கே ஒரு சிறிய பொலிஸ் நிலையத்துக்குப் போனார். முறைப்பாடு எழுதுகிற மேசை வேலை. இடுப்பில் ஒன்றும் இல்லை. போகும்போது அம்மாவிடம், "வாறன் அம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சாஜனின் பேச்சு வந்தாலே நன்றி கெட்டவன் என்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன ஆயுத பூசைக்குப் புதிதாக வந்த பாதுகாப்புக்காரர் உற்சாகமாகத் தன் துவக்கையும் மகசீன்களையும் கொண்டுவந்து சிவப்புத் துணியில் அடுக்கினார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சொல்வதா விடுவதா, சொன்னால் சாஜனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று யோசித்துக்கொண்டே "அம்மா..." என்று முன்னால் போய்விட்டேன். அதற்குள் அம்மாவே நின்றுவிட்டார்.

"இதுகள எடுத்து இடுப்பில வை மனே," என்றார் புதியவரிடம். "இதுக்குப் பொட்டு வேணா. இஞ்ச வா, உனக்கு வைக்கிறன்." அவருடைய நெற்றியில் சந்தனத்தை வைத்தார்.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் கராஜ் வாசலில் அசையாமல் நின்றேன். அம்மா என்னைத் தேடி வந்தார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது அம்மா?"

"ஆரும் சொல்லல்ல. அவர் சூட்டுப் பயிற்சிக்குப் போயிற்று வந்த அண்டைக்குத் தேத்தண்ணி கொண்டு போனன். வெள்ளைத் துணியில மஞ்சள் மஞ்சளாச் சுரண்டிப் போட்டிருந்தார். என்னக் கண்டதும் துணிய மடிச்சிற்றார். நான் அரைச்ச சந்தனத்திர மணம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அம்மா அந்த மனிசன நன்றி கெட்டவன் எண்டு ஏசினீங்க?"

அம்மா விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மறுகா என்ன சொல்லச் சொல்றாய்? பிழை செஞ்சது நான். நீங்கதான் அம்மா இப்படிச் செஞ்சிற்றீங்க எண்டு ஒரு சொல் ஏசியிருந்தா, தெரியாமச் செஞ்சிற்றன், பொறுத்துக்க எண்டு நான் கேட்டிருப்பன். அதக் கேக்க எனக்கு ஒரு இடம் தந்தாரா? எல்லாத்தையும் தன்ட தலையில போட்டுக்கிட்டுப் போயிற்றார். நான் எத்தின நாளைக்கு மனே இதச் சுமக்கிற?"

பிறகு அம்மா, சாஜன் இப்போது இருக்கும் பொலிஸ் நிலையம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் அவலும் கடலையும் வாழையிலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து என் கையில் தந்தார்.

"கொண்டு போய்க் குடு. நான் தந்ததெண்டு சொல்லு. எனக்குத் தெரியும் எண்டும் சொல்லு. கையில வாங்கினாரா இல்லையா எண்டு மட்டும் வந்து சொல்லு மனே. வேற ஒண்டும் எனக்குத் தேவல்ல."